மகளுக்குத் தேடிய கதகதப்பு

தொண்ணூறுகளில், சமயநல்லூருக்கு அப்பால் வயல் நடுவே இருந்த எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. குறைமாதத்தில் பிறந்த மகளை மார்கழிக் குளிரில் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கேதான் கொண்டுவந்தோம்.

"தாயோ தகப்பனோ வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டாப் போதும், அந்தச் சூடே பிள்ளையக் காப்பாத்தும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆண்பிள்ளை அப்படி உட்காருவதா என்று எனக்குக் கூச்சம். கடை கடையாக அலைந்து மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினேன், நாற்றம் தாங்கவில்லை. பிறகு கரி போட்ட கணப்புச் சட்டி வைத்தேன்.

இரண்டாம் வாரம், அதுவரை பிள்ளையை நெஞ்சில் போட்டுவந்த மனைவி காய்ச்சலில் சோர்ந்துபோனாள்.

"நீங்க கொஞ்ச நேரம் வாங்கிக்கங்களேன்" என்றாள்.

நான் குழந்தையைத் துணியில் சுற்றிச் சட்டிக்கு அருகே கிடத்தினேன். புகையில் அது இருமியது, பாதம் சில்லிட்டுப்போனது. அந்நேரம் பார்க்க வந்த மனைவியின் தம்பி, சட்டென்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"உனக்கெதுக்கு மாப்ள சிரமம்? வேற அடுப்பு வாங்கியாரேன்" என்றேன்.

"அடுப்பு கெடக்கட்டும் மச்சான். பிள்ளைக்கு எம்புட்டுக் குளிருது பாருங்க!"

மெல்ல மெல்ல அந்தப் பாதம் சிவந்தது. குளிர் விடும்வரை அவன் தினமும் வந்தான்.

மகள் பிழைத்து, நன்றாக வளர்ந்துவிட்டாள். ஆனால் அந்தச் சின்ன உடம்பின் சூடு எப்படி இருந்தது என்பது என் மைத்துனனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.