அப்பாவின் மீன் பை

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, அப்பாவைத் திரியாய்க் கிராமத்திலிருந்து நகரத்து ஓர்ஸ் ஹில்லில் இருந்த என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி அது. வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று.

நகரத்தில் அவருக்கு ஒட்டியது மீன்சந்தை ஒன்றுதான். விடிந்ததும் பன்புல்லில் பின்னிய பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். கிண்ணியாவிலிருந்து வரும் மீன்காரர் ஒருவரோடு செவுளைத் தூக்கிப் பார்த்து அரைமணி நேரச் சண்டை. பிறகு இருவருமாகப் பிளேன்டீ. அந்தக் கதையை நான் மீன் வெட்டி முடிக்கும்வரை சொல்லுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்டா: "என்ன தங்கச்சி, கந்தோரில உத்தியோகம் பாக்கிற நீங்கள், வயசுபோன தகப்பனை மீன்பையோட ரோட்டில விடுறியள்? சனம் என்ன கதைக்கும்?"

அப்பா கேட்கும் தூரத்தில், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே பையை அலுமாரிக்குள் வைத்தேன். சைக்கிளில் வருபவனிடம் வாசல் படலையடியில் மீன் வாங்கினேன். "நீங்கள் இனி ஒண்டும் செய்யவேண்டாம் அப்பா, சும்மா இருங்கோ" என்று சாய்மனைக் கதிரையும் வாங்கிப் போட்டேன். மரியாதையாம். சீ, என்ன மரியாதை!

சும்மா இருந்தார். முதலில் கதை குறைந்தது, பிறகு சாப்பாடு. குளிக்கக் கூப்பிட்டால், "நாளைக்குப் பாப்பம்." டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, நோய் வருத்தம் ஒன்றுமில்லை, வயசுதான் என்றார். நானும் நம்பினேன், மடைச்சி.

"உங்களுக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன்.

"ஒரு குறையுமில்லைப் பிள்ளை. கொம்மா போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்."

இரண்டு மாதம் கழித்து, கையில் ஒரு பாரைக்குட்டியோடு மீன்காரரே வீடு தேடி வந்தார்.

"ஐயாவைக் காணேல்ல. மவுத்தாப் போயிட்டாரோ எண்டு பயந்து வந்தனான் தங்கச்சி."

மீனை அப்பாவின் முன்னால் நீட்டி, "செவுளைப் பாருங்க ஐயா, பழசு எண்டு ஏசுங்க" என்றார். அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நல்ல மீன்தான்" என்றார். படலை தாண்டும்போது அந்த மனிசன் சாரத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த நாள் விடிய பையை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தேன். "நான் பிழை விட்டிட்டன் அப்பா. போய் மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ."

பையின் பிடியைத் தடவினார். பிறகு அதை நாலாக மடித்து என் கையிலேயே தந்தார்.

"வேண்டாம் பிள்ளை. சனம் என்ன கதைக்கும்?"