கள்ள ஓட்டு

செப்டம்பர் வந்தால் எங்கள் வீட்டுக் கூடம் பரீட்சை ஹாலாகிவிடும். ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்டில், வெளியே ஓர் இலைகூடச் சிவக்காது; காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். அங்கே இலையுதிர்காலம் டிவிக்குள்தான் வந்தது. கோடை முழுக்கப் பழையதையே திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு, திடீரென்று ஒரு வாரத்தில் புதுத் தொடர்களைக் கொட்டுவார்கள். நாங்கள் மூன்று பேர் சோபாவில் நீதிபதிகளாக உட்காருவோம்.

என் மனைவி சமையலறையை வைத்துத் தீர்ப்புச் சொல்வாள். "இவ்ளோ பெரிய வீடு, நாலு பசங்க. ஒரு தடவையாவது யாராவது பாத்திரம் தேய்க்கறாங்களா பாருங்க. இதெல்லாம் ஓடாது." அவள் ஓடாது என்றவை வருடக்கணக்கில் ஓடின. பத்து வயது மகள் பழைய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதுவாள். ஏழரை, ஆறரை, இரண்டரை. அந்த அரை நான் கொடுத்த சீதனம். கணக்கில் தொண்ணூற்றொன்பதரை வாங்கிக்கொண்டு ஓடிவந்தவளிடம், மீதி அரை எங்கே போச்சு என்று கேட்ட மகராசன் நான்தான். "அரை மார்க்கும் மார்க்தான்" என்று அன்றைக்குப் பெரிய பிரசங்கம் செய்தேன்.

மூன்றாவது நீதிபதி, அதாவது அடியேன், செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலே "குப்பை" என்பார். பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. கண்ணுக்கும் வலிக்காது, மனசுக்கும் வலிக்காது.

அந்த வருடம் மகள் பத்துக்குப் பத்து போட்டது ஒரே ஒரு தொடருக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. கலங்கரை விளக்கத்தில் ஒரு சிறுமி, பழைய ரேடியோ ஒன்றை வைத்துக்கொண்டு, புயலில் வழி தவறிய கப்பல்களோடு பேசி அவற்றைக் கரைசேர்க்கிறாள். இதுவும் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கிடைத்ததெல்லாம் செய்தித்தாளைத் தாண்டி வந்த சத்தம்: கரகரப்பு, அலை, பிறகு ஒரு சின்னக் குரல், "கேக்குதா? ஓவர்" என்று ஆங்கிலத்தில். தொடர் முடிந்த பிறகும் மகள் அந்தக் குரலிலேயே வீடு முழுக்க அலைவாள். மாடிப்படியில் உட்கார்ந்து, கையைக் குவித்து வாயருகே வைத்து, "அப்பா, டு யூ ரீட் மீ? ஓவர்" என்பாள். நான் பக்கம் புரட்டுவேன்.

எனக்குப் படிக்க வேறு இருந்தது. எண்ணெய் விலை விழுந்த வருடம் அது. ஆபீசில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் மேஜைப் பொருள்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் லிஃப்டுக்குப் போவார். எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுப் புல்வெளியில் விற்பனைப் பலகை. என் க்ரீன் கார்டு மனு அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் மனு போகும், மனு போனால் மூன்று பேரும் ப்ளேன் ஏற வேண்டும். தபால்பெட்டியைத் திறந்ததும் உறைகளின் மூலையில் அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தத் தபால்பெட்டியில்தான் ஒரு நாள் அந்த டைரி வந்தது. ஊரில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கம்பெனி ஒன்று எங்கள் வீட்டைப் பொறுக்கி எடுத்திருந்தது. மெல்லிய புத்தகம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, கால் மணிக்கு ஒரு வரி. ஒரு வாரம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும்.

மகள் குதித்தாள். "அப்பா, திஸ் இஸ் வோட்டிங்!" பார்ப்பவர்கள் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள், நாம் எழுதினால் ஓடும் என்று எனக்கு விளக்கினாள். மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். ஓட்டுரிமை இல்லாத தேசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாக்குச்சீட்டு அது. அவள் பத்திக்கு அவளே பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சாமி கும்பிட்டுவிட்டுக் காகிதத் தட்டில் புளியோதரையோடு நிற்கும்போது, எனக்கு எட்டு வருடம் முன்னால் வந்து கார்டும் வாங்கிவிட்ட ஒரு டாக்டரிடம் டைரியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். கார்டு வாங்கியவர் ஆகையால் அவருக்கு எல்லாம் தெரியும்.

"என்ன சார் நீங்க, சின்னப் புள்ள மாதிரி. உங்க பேரு, அட்ரஸு, எத்தனை மணிக்கு யாரு என்ன பண்றீங்க, அத்தனையும் எழுதிக் குடுக்கச் சொல்றான். சும்மா கேப்பானா? எங்கேயோ ஒரு ஃபைல்ல ஏறும் சார்."

"அது டிவி கம்பெனி விஷயம்னு..."

"எல்லாம் ஒண்ணுதான். அப்ளை பண்ணியிருக்கீங்க இல்ல? நல்லதா எழுதுங்க." வேர்க்கடலை ஒன்றைக் கடித்தார். "நல்லதா எழுதுங்க சார், போதும்."

நல்லதா எழுதினேன். பழியை முழுக்க அந்தப் புளியோதரை மேல் போட்டுவிட முடியாது. எனக்கே ஆசை இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு வெள்ளைக்காரர், கோட்டும் கண்ணாடியுமாக, எங்கள் டைரியைப் புரட்டி, அடடா, எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று வியக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நாங்கள் மூவரும் அரசாங்கச் சேனலில் திமிங்கிலம் பார்த்தோம். இத்தாலிய மொழியில் பாடுகிறவர்களைப் பார்த்தோம். மத்தியானத்தில் ஒரு கண்ணீர்த் தொடர் விடாமல் பார்க்கும் என் மனைவி, நீல மையில், ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஏழு மணியில், மகளின் பத்தியில், அவளுடைய உருண்டை எழுத்தில் தொடரின் பெயரும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தன. ரப்பரால் அழித்தேன். நட்சத்திரம் சீக்கிரம் போகவில்லை, அழுத்தி வரைந்திருந்தாள். அதன் மேல் 'செய்தி ஆய்வு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், கல்வி மதிப்புள்ள நிகழ்ச்சிகளையே எங்கள் குடும்பம் விரும்புகிறது என்று ஒரு வாக்கியம். ஆபீசிலிருந்து தபாலில் போட்டேன், வீட்டுத் தபால்பெட்டியை நம்பாமல்.

ஊரில் நான் முதல்முறை ஓட்டுப் போடப் போனபோது, பட்டியலில் என் பெயருக்கு நேராக ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. "உங்க ஓட்டு ஆயிடுச்சு தம்பி, கெளம்புங்க" என்றார் பூத்தில் இருந்தவர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. விரலில் மை இல்லாமல் திரும்பி வந்தேன். எந்தப் படுபாவி போட்டான், எப்படி இருப்பான் என்று வருடக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தேன். பிறகு அவனைத் தினமும் ஷேவ் செய்துகொள்ளும்போது பார்த்தேன்.

இரண்டு வெள்ளி கழித்து, ஏழு மணிக்கு, கலங்கரை விளக்கம் வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு காரைத் துரத்தினார்கள். மகள் சேனலைத் திருகித் திருகிப் பார்த்தாள். பிறகு தானே டிவி நிலையத்துக்கு போன் செய்தாள். நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பட் வீ வோட்டட்" என்றாள், போனை வைத்துவிட்டு.

மனைவி சப்பாத்தி மாவிலிருந்து கையை எடுக்காமல், வெகு சாதாரணமாக, "அப்பா அதுல நியூஸ்னுல்ல எழுதினாங்க" என்றாள்.

நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். காகிதத்தின் அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது.

"என் காலத்திலயுமா?" அந்த வருடத்தில் அவள் தமிழில் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளில் அது ஒன்று. காலம் என்றால் ஆங்கிலத்துக் 'காலம்', டைரியில் அவளுடைய பத்தி.

"அது சும்மா ஒரு சர்வேடா கண்ணா. நாம அனுப்பினது இன்னும் போய்ச் சேர்ந்தேகூட இருக்காது. ஒரு வீடு எழுதறதால ஒண்ணும் ஆகாது. அதுல போய் ஒரு ஸ்டார்..."

"அரை மார்க்கும் மார்க்தான்" என்றாள். என் உச்சரிப்பிலேயே சொன்னாள். அந்தத் துல்லியம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வெள்ளி ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாள். கலங்கரை விளக்கச் சிறுமியின் உடுப்பு முன்பே தயாராகியிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், தலையில் ஹெட்போன். ஹெட்போனை மனைவி செய்தாள்: ஒரு ஹேர்பேண்டின் இரு முனையிலும் ஊறுகாய் பாட்டில் மூடிகள், கறுப்புப் பெயின்ட் அடித்து. எத்தனை கழுவியும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை போகவில்லை.

"அந்த ஷோதான் இல்லையேம்மா. பட்டுப் பாவாடை கட்டிக்கோ, பிரின்சஸ்னு சொல்லிக்கலாம். அழகா இருக்கும்."

"நோ."

"ஏங்க, நீங்க சொல்லுங்களேன்" என்றாள் மனைவி என்னிடம். நான் எதையும் சொல்லும் யோக்கியதையில் இல்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் சட்டையும் டையுமாக, அவள் பின்னால் கிளம்பினேன்.

மழையே இல்லாத மாலை. டெக்சஸ் புழுக்கத்தில் அந்தக் கோட்டுக்குள் அவள் வேர்த்து ஊறினாள். பலகை நட்ட வீடுகள் இருட்டாக இருந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனோம். அவள் கதவுக்குப் போவாள், நான் தெரு ஓரத்தில் நிற்பேன். முதல் வீட்டில், "ஓ, குட்டி ஃபயர்மேன்!" என்றார்கள். அவள் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். பெயர் என் வரைக்கும் வரவில்லை. வீட்டுக்காரியின் "ஹூ?" மட்டும் வந்தது. அடுத்த வீட்டில், ஸ்கூல் வாசலில் ரோடு க்ராஸ் பண்ணிவிடுகிற ஆளா என்றார்கள். மறுபடி அந்தப் பெயர், மறுபடி "ஹூ?" மூன்றாவது வீட்டில் ஒரு பெரிய பையன் உள்ளே திரும்பி, "மாம், இங்க ஒரு பனானா வந்திருக்கு" என்று கத்தினான். சூனியக்காரிகளும் எலும்புக்கூடுகளும் எங்களைத் தாண்டி ஓடின. அவர்களை யாரும் யார் நீ என்று கேட்கவில்லை. செத்தவர்களை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாவது வீட்டிலிருந்து அவள் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாள். பையை மட்டும் நீட்டினாள்.

இரண்டு தெரு தள்ளி என் ஆபீஸ் மேலதிகாரியின் வீடு. அடுத்து யாருக்கு வேலை போகும் என்ற லிஸ்ட் அவர் மேஜையில்தான் இருக்கிறது என்று பேச்சு. அந்த வீட்டுக்கு மட்டும் நான் தெரு ஓரத்தில் நிற்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு கதவு வரைக்கும் கூடவே போனேன்.

கையில் ஒரு கிண்ணம் சாக்லேட்டோடு, கடற்கொள்ளைக்காரர் வேஷத்தில் கதவைத் திறந்தார். ஒற்றைக் கண் பட்டியைத் தூக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ என்ன வேஷம்? எஞ்சினியரா?"

நான் சிரித்தேன். வேண்டியதைவிட நீளமாகச் சிரித்தேன். பக்கத்தில் மழைக்கோட்டு சரசரத்தது.

"இந்த இளம்பெண் யார்?" என்று குனிந்தார்.

மகள் அவரை விட்டுத் திரும்பினாள். முகத்தை என் பக்கம் தூக்கினாள். நெற்றி வேர்வையில் கறுப்புப் பெயின்ட் கரைந்து காதோரம் இறங்கியிருந்தது. "டெல் ஹிம், அப்பா."

அவள் பழிவாங்கவில்லை. பழிவாங்குகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போது இல்லை. ஒரு முறையாவது வேறு யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். நாலு வெள்ளிக்கிழமை அதே அறையில் இருந்தவன்தானே, எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். என்னிடம் கரகரப்பு இருந்தது, அலை இருந்தது. பெயர் இல்லை. மேலதிகாரி காத்திருந்தார். அவரைக் காக்க வைத்துப் பழக்கமில்லை எனக்கு.

"ஃபிஷர்மேன், சார்" என்றேன்.

"பிரமாதம்!" என்று இரண்டு சாக்லேட்டைப் பையில் போட்டார்.

திரும்பும் வழியில் அவள் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கோபமாக வீசவில்லை, மடித்துக் கொடுத்தாள். ஹெட்போனையும். வீட்டில் மனைவி, "எல்லாரும் என்ன சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டபோது, "அப்பா சேஸ் ஐ'ம் அ ஃபிஷர்மேன்" என்றுவிட்டு மாடிப்படி ஏறினாள். அதன் பிறகு அந்தப் படியிலிருந்து யாரும் என்னை ஓவர் என்று கூப்பிடவில்லை.

வேலை டிசம்பரில் போனது. கடற்கொள்ளைக்காரர் நேரில் அழைத்துச் சொன்னார், நல்ல மனுஷர். அட்டைப்பெட்டியை நானும் தூக்கினேன். பிறகு வேறு ஊர், வேறு கம்பெனி, மறுபடி முதலிலிருந்து மனு. கார்டு கடைசியில் வந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி எத்தனையோ கேட்டார். நாங்கள் டிவியில் என்ன பார்த்தோம் என்று கேட்கவில்லை.

போன அக்டோபரில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறாள். மாதம் ஒரு முறை, கால் மணி நேரம். புதிதாக என்ன தொடர் பார்க்கிறாய் என்று கேட்டேன். நேரமே இல்லை என்றாள். அங்கிருந்து மெல்ல, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "அந்தக் கலங்கரை விளக்கத்துப் பொண்ணு, அவ பேரு என்னம்மா?" என்றேன்.

கம்பியில் கரகரப்பு. அவள் யோசிக்கிறாளா, மறந்துவிட்டாளா, அந்தக் கரகரப்பிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மறந்துட்டியா அப்பா?" என்றாள். "ஐ வாஸ் அ ஃபிஷர்மேன்."