பாதையில் பரீட்சை எழுதும் மொழிகள்

துறையை விட்டுப் பாதை நகர்ந்ததும் விஜிதரன் லெப்டொப்பைத் திறந்துவிடுவார். பாதை என்பது வாவியைக் கடக்கும் எங்கள் இன்ஜின் மிதவை. மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். மீன் விற்கப் போகும் அன்னப்பூரணி அக்கா அவருக்குக் குடை பிடிப்பார். "பாவம், அந்தப் புள்ள கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குது" என்பார்.

பாதை இப்போது எந்தக் கரையில் நிற்கிறது என்று போனில் காட்டும் செயலி ஒன்று வேண்டும். மனைவி ஆர்த்திகா ரீச்சருக்காகத் தொடங்கிய வேலை. ரீச்சர் கிழக்கே எழுவான்கரையில் பாதை ஏறி, மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடம் போகிறவர். பாதையைத் தவறவிட்டால் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழும். இன்னொன்று விழுந்தால் அதிபர் விளக்கம் கேட்டுக் கடிதம் தருவாராம்.

எந்தக் கணினி மொழியில் எழுதினால் விரைவாக முடியும் என்பதைத்தான் விஜிதரன் மாதக்கணக்காகச் சோதிக்கிறார். ஒரு கரையில் வெறுந்திரையோடு புறப்படவேண்டும். மறுகரை முட்டுவதற்குள் செயலி ஓடவேண்டும். ஒரு மொழிக்கு ஒரு பயணம். பைதன் மயிரிழையில் தோற்றது. "காத்துத் தள்ளினா பாதை வெள்ளனப் போயிரும். அது பைதன்ட குத்தமில்லயே" என்று மறுபரீட்சை வைத்தார். நிரல் எழுதும் கறுப்புத் திரை எடிட்டர் ஒன்றில் வெயிலுக்குத் தன் முகம்தான் தெரிகிறதென்று அதைக் கழித்துவிட்டார்.

பயணிகளும் கட்சி பிரிந்துவிட்டார்கள். பேக்கரி அசனார் நானா கோட்லின் என்ற மொழியின் பக்கம். "மத்ததெல்லாம் எரர் காட்டக்குள்ள வெருட்டுது. இது மரியாதையாச் சொல்லுது" என்பார். அவர் கீபோர்டைத் தொட்டதே இல்லை.

போன திங்கட்கிழமை காலை கோட்லினின் முறை. படுவான்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எழுவான்கரைத் துறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, எழுதியதைச் செயலியாக மாற்றும் கொம்பைல் முடியவில்லை. அசனார் நானா கெஞ்சிய கெஞ்சில், ஓட்டுநர் கோணாமலை அண்ணன் நடு வாவியில் இன்ஜினை நிறுத்திவிட்டார். "பதறாதீங்க தம்பி. முடிச்சிட்டே போவம்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாய் திறக்குமுன் விஜிதரனின் போன் அடித்தது.

"பாதை ஏன் நடுவில நிக்கி?" துறையில் காத்து நின்ற ரீச்சரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மணியடிக்கப் போகுது. இண்டைக்கும் கோடு விழுந்தா நான் அதிபருக்கு என்னத்தச் சொல்ற?" குரல் உடைந்துபோயிருந்தது. கேட்கவே கஷ்டமாயிருந்தது.

"உனக்காகத்தான் நிப்பாட்டி வெச்சிருக்கம்" என்றார் விஜிதரன்.

அப்போதுதான் கொம்பைல் முடிந்தது. அசனார் நானா கைதட்டினார். செயலிக்குத் தெரிந்தவை இரண்டு கரைகள் மட்டுமே. நடுவாவி என்ற ஒன்று அதில் இல்லை. பக்கத்துக் கரையைத் தேர்ந்தெடுத்துப் பெரிய பச்சை எழுத்தில் காட்டியது: 'பாதை எழுவான்கரைத் துறையில் நிற்கிறது.'

துறையில் ரீச்சர் செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்றார். விஜிதரன் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பாக, லெப்டொப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, திரையை ரீச்சர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.