அத்தை வராத புயல்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருடம் எனக்கு ஒன்பது வயது. அதற்கு மூன்று வருடம் முன்பு அடித்த புயலில் எங்கள் ஊர் வரிச்சிக்குடியில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லாமல் போயிருந்தது. எங்கள் கூரை யாருடைய வயலிலோ குப்புறக் கிடந்ததாம். அன்றிலிருந்து அப்பாவுக்குப் புயலே நினைப்பு. நெல் போட்டு வைக்கும் அறையை மட்டும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டித் தளம் போட்டார். ஐப்பசி பிறக்குமுன் அரிசி, அவல், வெல்லம், மண்ணெண்ணெய், மூடியை மெழுகால் அடைத்த போத்தலில் தீக்குச்சிகள், சுவரோரம் இடுப்புயரத்துக்குக் காய்ந்த விறகு என்று எல்லாம் அதற்குள் போய்விடும். தென்னைகளில் ஒரு காய் விடாமல் இறக்கிவிடுவார்.

“புயலுக்குச் சீர் வைக்கிறாரு” என்று ஊரில் சிரிப்பார்கள்.

வாய்க்காலுக்கு அப்பால் மண்சுவர் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தார். பிள்ளை இல்லை. மாமா வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தார். வானம் கறுத்து, கடல் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டால் அவர்கள் இருவரும் எங்கள் அறைக்கு வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் அப்பாவின் கணக்கு இரண்டு முறை தப்பியது. இரண்டு முறையும் நான்கு ஆட்கள் மாமாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, மூங்கில் பாலத்தின் வழியாக மழையில் நனைய நனையக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்தும் ஐந்து பேர் வந்தார்கள். காற்று வரவில்லை. இரண்டாம் முறை அவர்கள் கிளம்பும்போது, அடுப்படியில் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“காத்தும் வரல, ஒண்ணும் வரல. வடிச்சுக் கொட்டுனதுதான் மிச்சம்.”

வாசலில் நின்ற அத்தையின் காதில் அது விழுந்தது. அத்தை மாமாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டு கட்டிலின் பின்னால் நடந்தார்.

மூன்றாம் முறை, ஒரு மத்தியானம், அப்பா மாடுகளை அவிழ்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“அத்தைய இப்பவே கெளம்பச் சொல்லு. ஆளுங்கள அனுப்புறேன்னு சொல்லு.”

ஓடினேன். அத்தை மாமாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அம்மா என்ன சொன்னா?”

“அம்மா ஒண்ணும் சொல்லலத்தே.”

அது உண்மைதான். நான் கிளம்பும்போது அம்மா வாய் திறக்கவில்லை. பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள், அத்தை, மாமாவையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு உலை வைக்க. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அத்தை தலையை ஆட்டினார். “மாமாவுக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கு. நனைய வேணாம். மழ விட்டதும் வர்றோம்னு சொல்லு, ஆள் வேணாம்.” தலை நனையாமலிருக்க ஒரு பழைய சாக்கை என்மேல் கவிழ்த்து அனுப்பினார்.

மழை விட்டதும் வருவார்களாம் என்று அப்பாவிடம் சொன்னேன். மழை விடவில்லை. சாயங்காலம் காற்று வந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அறைக்குள் ஒடுங்கினார்கள். அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் முகமெல்லாம் சேறு.

“பாலத்தக் காணும்” என்றார். அன்று யாரும் சாப்பிடவில்லை.

விடிந்து தண்ணீர் வடிந்ததும் ஆண்கள் போனார்கள். அத்தை வீட்டுச் சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. கட்டிலில் மாமாவும், அவரை மூடினாற்போல் அத்தையும் கிடந்தார்களாம். எங்களைப் பார்க்க விடவில்லை. எரிப்பதற்கு ஊரெங்கும் தேடியும் நனையாத ஒரு கட்டை கிடைக்கவில்லை. காய்ந்த விறகு எங்கள் அறையில் மட்டும்தான் இருந்தது. அப்பா அதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். யாரையும் கை வைக்க விடவில்லை. கடைசியில் தீக்குச்சி போத்தலையும் அவரே எடுத்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, தலை வாரிவிடும்போது அம்மா என்னிடம், அத்தை அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சீப்பு என் தலையிலேயே நின்றது. அம்மா திட்டவில்லை. எல்லாவற்றையும் மறக்காமல் சொன்னதற்காக என்னைக் கொஞ்சுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

மறு வருடம் ஐப்பசி பிறந்தும் அப்பா வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தென்னைகளில் காய் முற்றித் தொங்கியது. அம்மாதான் கேட்டாள்.

“காய் எறக்க ஆளுக்குச் சொல்லட்டுமா? அரிசியெல்லாம் வாங்கி வைக்க வேணாமாங்க?”

“யாருக்கு?” என்றார் அப்பா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுலபமான கேள்விக்கு அம்மா ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

“நமக்குத்தாம்ப்பா” என்றேன்.

அப்பா எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். கேட்டதற்குச் சரியாகத்தானே சொன்னோம் என்று, எழுதுவதை விட்டுவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.