கேட்டுக்கு உள்ளே யார் சட்டம்

என் அத்தையை ஒருவன் அறைந்தான். அறைந்தவன் வெளிநாட்டுக்காரன். அதை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது அவனுடைய அப்பா. இதைவிட அசிங்கம் இருக்க முடியாது. ஆனால் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெரு மொத்தமும் அதை நியாயம் என்றே நினைத்தது.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு துணைத் தூதரக அதிகாரியின் வீட்டில் வேலை செய்தாள். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. எந்த நாடாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். வாசலில் தூதரகக் கார்களுக்கே உரிய நீல நம்பர் பிளேட் போட்ட கார் நிற்கும். கேட்டைத் தாண்டினால் அது அவர்கள் நாடு என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நம் போலீஸ் உள்ளே போக முடியாதாம், நம் கோர்ட் அங்கே செல்லாதாம். அத்தையைக் கூப்பிடப் போகும்போது நான் ஒரு காலை கேட்டுக்கு உள்ளே வைத்து எடுத்துவிட்டு, வெளிநாடு போய் வந்ததாகப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அது விளையாட்டு. பெரியவர்கள் நிஜமாகவே நம்பினார்கள்.

அந்த வீட்டுப் பையன் வளர்ந்தவன், எங்கோ காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்திருந்தான். அவன் அறையைப் பெருக்கும்போது தரையில் கிடந்த அவனுடைய ஹெட்போனை அத்தை மிதித்துவிட்டாள். கை நீட்டிவிட்டான். அன்றிலிருந்து அத்தையின் இடது காது மந்தம்.

அந்த அதிகாரி, தானே விசாரிப்பதாக டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இங்கிலீஷ் தெரிந்த ஆளாகக் கூட்டி வாருங்கள் என்றார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தான். அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வழி முழுக்க அத்தையிடம் வாயை அடக்கு, வாயை அடக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாப்பாட்டு மேஜைதான் கோர்ட். மேஜையின் தலைப்பக்கம் அதிகாரி, பக்கத்தில் அவர் மனைவி, எதிரே பையன். டிரைவரும் சமையல்காரரும் சாட்சிகள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. யார் பார்த்தீர்கள் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பையனைக் கேட்டார், அவன் கை தவறிப் பட்டுவிட்டது என்றான். அத்தையைக் கேட்டார். அத்தை சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தீர்ப்பு: பையன் கவனமாக இருந்திருக்க வேண்டும், அவனைக் கண்டித்துவிட்டேன், விஷயம் முடிந்தது, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம்.

அப்பா கும்பிட்டார். அத்தை என் தோளைத் தட்டினாள்.

"முடிஞ்சு போச்சுன்னு சொல்றாரே, இவரு யாரு? அவனோட அப்பன். பிள்ளை மேல பிராது குடுத்தா அப்பனா தீர்ப்புச் சொல்லுவான்? கேளு பாப்பா."

கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இந்த வீட்டில் எங்கள் நாட்டுச் சட்டம்தான், இதற்கு மேல் நீங்கள் போக இடமில்லை என்று பொறுமையாக விளக்கினார். அதையும் தமிழில் சொன்னேன்.

"தினம் நான் பெருக்குற தரை இது. எந்த நாட்டுத் தரைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். இதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். அந்த மாதிரிக் கோர்ட்டுகள் ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சீனா, துருக்கி, சயாம் என்று பல நாடுகளில் வெள்ளைக்காரன் குற்றம் செய்தால் உள்ளூர் நீதிபதி தொட முடியாது. அங்கே இருக்கும் அவன் நாட்டுத் தூதரகக் கான்சலே நீதிபதியாக உட்கார்ந்து விசாரிப்பார். அடிபட்ட உள்ளூர்க்காரன் தன் ஊரிலேயே அந்நியன் வாசலில் போய் நியாயம் கேட்டு நிற்க வேண்டும். சில இடத்தில் சுல்தான் சலுகையாகக் கொடுத்தது. மற்ற இடங்களில் பீரங்கிக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திக் கையெழுத்து வாங்கியது. எங்கள் பகுதி இருக்கும் பெங்களூர் கன்டோன்மென்ட்டும் மைசூர் மகாராஜா மண்ணில் வெள்ளைக்காரன் அதிகாரம் நடந்த இடம்தானே. அந்தக் கோர்ட்டுகளை எல்லாம் இழுத்து மூடி எவ்வளவோ காலமாகிறது. எங்கள் தெரு மட்டும் ஒன்றைத் திறந்தே வைத்திருந்தது. இந்தத் தடவை பீரங்கிகூடத் தேவைப்படவில்லை. ஒரு நீல நம்பர் பிளேட் போதுமாக இருந்தது.

அன்று அந்த வீட்டிலிருந்து அத்தை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். எஸ்.ஐ. கன்னடக்காரர், தமிழ் பேசுவார்.

"அது அவங்க தேசம்மா. நான் உள்ள கால் வெச்சா என் கெலசமே, வேலையே போயிடும்" என்றார்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "எழுது. இல்லையா, என்னைத் தூக்கி உள்ள போடு. ஏதோ ஒண்ணு எங்க ஊரு போலீஸ் பண்ணட்டும்."

ஒரு அறைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பெண் போலீஸ் ஒருத்தி முணுமுணுத்தாள். "அந்தப் பக்கம் நின்னு பேசாத, அந்தக் காது கேக்காது" என்றாள் அத்தை. அப்பா, வீட்டுக்கு வா அக்கா, மானம் போகுது என்று கெஞ்சினார். போனது யார் மானம் என்று அத்தை திருப்பிக் கேட்டாள். எனக்குப் பசி. வெட்கமாகவும் இருந்தது.

இவள் எழுந்திருக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், சாயங்காலம் எஸ்.ஐ. மேலதிகாரி யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரம் "ஹௌது சார், ஹௌது சார்" என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அவருக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த வீடு ஒருநாளும் வெளிநாடாக இருந்ததில்லை. டெல்லித் தூதருக்கு இருக்கும் முழுப் பாதுகாப்பு துணைத் தூதரக அதிகாரிக்குக் கிடையாது, அவருடைய அலுவலக வேலைக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. அவர் பிள்ளைக்கு ஒரு மண்ணும் கிடையாது. வேலைக்காரியை அறைவது எந்த நாட்டிலும் அலுவலக வேலை இல்லை. அந்த வீட்டை அவர்கள் நம்மிடமிருந்து பிடுங்கவில்லை. நாமே தூக்கிக் கொடுத்திருந்தோம்.

மறுநாள் போலீஸ் போனபோது பையன் இல்லை. அதற்குள் விமானம் ஏறியிருந்தான். அத்தைக்கு வேலை போயிற்று, காது திரும்பவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் போய் என்ன கிழித்தாய் என்று தெருவில் கேட்டார்கள். நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டேன்.

அத்தை டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள். "ஓடிட்டான் இல்ல?" என்றாள்.

தோற்றுப்போனவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. அந்த வீடு தன் சொந்த நாடுதான் என்று நிஜமாகவே நம்புகிறவன் எதற்கு ஓடப்போகிறான் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.