சத்தம் இல்லை, இனி வர வேண்டாம்

ஆனந்தமேரி ஒரு நாளைக்கு முப்பது கைகளையாவது பிடித்துப் பார்த்துவிடுவாள். திண்டுக்கல் பேகம்பூர்த் தெருக்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பதும், சர்க்கரை பார்ப்பதும், மாதத்துக்கான மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு வருவதும் அவள் வேலை. தெருவில் அவளுக்குப் பிரஷரக்கா என்று பெயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலைக்கென்று கொடுத்த மிஷின் எண்ணைத் தானே காட்டிவிடும். ஆனால் மேரி அதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள். எண்ணில் சந்தேகம் வந்தால் பையிலிருந்து பழைய பம்பையும் ஸ்டெதாஸ்கோப்பையும் எடுத்துவிடுவாள்.

"என்ன தாயி, மிஷினை நம்பாம காதை நம்புற?" என்று கேட்டார் அப்துல் ஹக்கீம். தோல் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், வயது எழுபத்தாறு.

"மிஷின் நம்பரைத்தான் சொல்லும் பாய். உள்ள என்ன நடக்குதுன்னு காதுதான் சொல்லும்."

"என்னதான் நடக்குது?"

"பட்டையை இறுக்குனா ரத்தம் போகாது, சத்தமும் இருக்காது. செத்த இளக்குனா இடுக்குல நுழைஞ்சு வர்ற ரத்தம் டப்பு டப்புன்னு தட்டும். அது மேல் நம்பரு. முழுசா இளகிருச்சுன்னா ரத்தம் பாட்டுக்கு ஓடும், சத்தம் நின்னுரும். அது கீழ் நம்பரு."

"அப்ப சத்தம் நின்னா நல்லதுங்கிற."

"ஆமா பாய். இடைஞ்சல் இருந்தாத்தான் ரத்தம் சத்தம் போடும்."

"எங்க வீட்டு ஆள் மாதிரின்னு சொல்லு."

"காதுல விழுகுது," என்று அடுப்படியிலிருந்து சர்புன்னிசா குரல் வந்தது. "இடைஞ்சல் யாருன்னு பிரஷரக்காவுக்கே தெரியும்."

மேல் எண் நூற்று அறுபது. வயதாக ஆக ரத்தக் குழாய் விறைத்துப்போகும், இளசில் இருந்த நெகிழ்ச்சி இருக்காது என்பதை அவருக்குத் தோலை வைத்தே சொல்லிப் புரியவைத்திருந்தாள். பச்சைத் தோலுக்கும் காய்ந்த தோலுக்கும் உள்ள வித்தியாசம். "காஞ்ச தோலையும் எண்ணெய் போட்டு இளக்கிரலாம் தாயி" என்றார் அவர். "அந்த எண்ணெய்தான் ஒங்க பிரஷரைக் கூட்டுது. மாத்திரையைப் போடுங்க," என்றாள் மேரி.

ஊர் இதயமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறந்த பிள்ளைக்கு நிமிஷத்துக்கு நூற்று நாற்பது தடவை துடிக்கும், பறந்து களைத்த குருவி மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தொண்ணூறு. நன்றாக உழைக்கிற ஆளுக்கு அறுபதிலேயே நிதானமாக நிற்கும். வயிற்றில் பிள்ளை தங்கினால் தாயின் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும், அத்தனையையும் அந்த ஒரு கைப்பிடிச் சதை சலிக்காமல் இறைக்கும். இதையெல்லாம் கர்ப்பிணிகளுக்கு எடுத்துச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தாழும். தனக்கு வாய்க்காத கணக்கு அது.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இதயத்தை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். அதுவரை அவளுக்கு யாரும் இதய ஸ்கேன் எடுத்ததில்லை. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தவர் டாக்டர் ரிஃபாத், சின்ன வயதுக்காரர். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கையை ஒரே இடத்தில் நிறுத்தினார்.

"சின்ன வயசுல உங்களுக்கு ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சா?"

"எனக்கா? இல்லையே டாக்டர்."

"இருந்திருக்கு. இங்க பாருங்க. கீழ் ரூம் ரெண்டுக்கும் நடுவுல உள்ள சுவர். இந்த இடத்துல ஓட்டை இருந்திருக்கு. பக்கத்து வால்வோட சவ்வு கொஞ்சம் கொஞ்சமா வந்து ஒட்டி அதை அடைச்சிருச்சு. அந்த இடம் குட்டிப் பை மாதிரி உப்பியிருக்கு, தெரியுதா?"

தெரிந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு சின்ன மொட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் தலையாட்டிக்கொண்டு.

"பயப்பட ஒண்ணுமில்ல. வயித்துக்குள்ள இருக்கும்போது நம்ம எல்லாருக்கும் மேல் ரூம்ல ஒரு கதவு திறந்துதான் இருக்கும். முதல் அழுகையோட சாத்திக்கும். உங்களுக்குக் கூடுதலா கீழ ஒண்ணு. அதுவும் தானா மூடிருச்சு, பத்து வயசுக்குள்ளயே மூடியிருக்கும். சின்ன ஓட்டை. ஆனா அதுதான் பெருசா இரையும். ஓஸ் பைப்பை விரலால அமுக்குனா சீறும்ல, அது மாதிரி. உங்க வீட்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கணுமே. கேட்டுப் பாருங்க."

மேரி நெஞ்சில் தடவியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இது இருந்தவங்க பிள்ளை பெத்துக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. மூடுன ஓட்டைக்கு என்ன? இந்த ஹார்ட் நாலு பிரசவத்தைத் தாங்கியிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, அப்பா அதற்கும் முன்னால். மிச்சம் இருப்பது அண்ணன் கிளெமென்ட் மட்டும்தான். நத்தத்தில் புளிக் கிட்டங்கி வைத்திருக்கிறான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது ஒரு பழைய நாள் தானாக வந்தது.

அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவும் அண்ணனும் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செத்த நேரம்தான் இருந்தார்கள். யாரோ நெஞ்சில் குளிர்ச்சியாக எதையோ வைத்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தாள். சிவப்பு கவுன், கண்ணாடி வளையல், ரெண்டு ஐஸ்கிரீம், விசில் ஊதுகிற பலூன். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தனக்குச் செலவு செய்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, அடுத்த தடவை எதுவும் கேட்கக்கூடாது என்று மேரி முடிவு செய்துகொண்டாள். அடுத்த தடவையே வரவில்லை. அவள் வாழ்க்கையில் மிக நல்ல நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பாள்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் அம்மாவின் "ஓடாத மேரி". பள்ளிக்கூடத்தில் கோ-கோ குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று வருஷக்கணக்கில் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தும் அனுப்பவில்லை. இருபத்து நான்கு வயதில், மனைவியை இழந்து நாலு வயதுப் பெண்பிள்ளையோடு இருந்த பஸ் டிரைவர் மரியசெல்வத்துக்குக் கட்டிவைத்தார்கள். "பிள்ளை ரெடிமேடா இருக்குல்ல," என்று அம்மா சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று அன்றைக்குப் புரியவில்லை.

கிட்டங்கியில் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"என்னத்தா, சொல்லாம கொள்ளாம? ஆபரேசன் தேதி மாறிருச்சா?"

"அண்ணே, எனக்கு நெஞ்சுல ஓட்டை இருந்துச்சா?"

அவன் அவளை வெளியே புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"யார் சொன்னா?"

"என் நெஞ்சே சொல்லிருச்சு. நீ சொல்லு."

"ஆறு வயசுல ஒனக்குக் காய்ச்ச வந்தப்பக் கண்டுபிடிச்சாங்க. பயங்கரமாச் சத்தம் வருதுன்னு ஸ்கேன் எடுத்து, ஓட்டை இருக்குன்னாங்க. மூணு வருசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, திரும்பப் பாப்போம்னாங்க. போனோம். அந்தப் பெரிய டாக்டரு..." அவன் நிறுத்தினான். "வேணாம்த்தா. இப்ப எதுக்கு?"

"அவர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாறாம."

"எப்படி மறக்கும்? காதுலயே கிடக்கு. கொழாயை வச்சுக் கேட்டாரு. 'சத்தமே இல்ல. இனி வர வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னாரு. வெளிய அம்புட்டுக் கூட்டம், அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. அம்மா அங்கயே உக்காந்துருச்சு."

மேரி மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சத்தம் இல்லைன்னா?"

"நெஞ்சுல சத்தம் நின்னுபோச்சுன்னா என்னத்தா அர்த்தம்? இனி வர வேண்டாம்னு எந்த நோயாளிக்குச் சொல்லுவாக? நம்ம அப்பாவுக்கும் அதையேதானே சொன்னாக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு."

"ஓட்டை மூடிருச்சுண்ணே." அவள் குரல் உயரவில்லை. "ஓட்டை இருந்தாத்தான் சத்தம் வரும். மூடுனா நின்னுரும். நான் நல்லா இருக்கேன், இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய வேலையே இல்லைன்னு அவர் சொல்லியிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கே எனக்குக் கல்லறைக்கு இடம் பாத்துட்டீங்க."

முப்பத்தைந்து வருஷம் சுமந்த ஒன்றை ஒரு நிமிஷத்தில் கீழே வைக்கச் சொன்னால் யாருக்கும் கை வராது. கிளெமென்ட் வேறொன்றைத் தேடி எடுத்தான்.

"தப்பாப் புரிஞ்சிருந்தாலும், ஒனக்குக் கெடுதல் யாரும் நினைக்கலத்தா. மாப்பிள்ளையவே பாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மா அவர்ட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. பிள்ளைன்னு ஒண்ணு உண்டானா இவ தங்க மாட்டா, எங்களுக்கு இவ இருந்தாப் போதும்னு. அந்த மனுசன் வாக்குக் குடுத்தாரு. வாக்கு மட்டுமா? ஒனக்காக ஆபரேசனே பண்ணிக்கிட்டாரு. எந்த ஆம்பளை செய்வான்?"

"என்ன ஆபரேசன்?"

அப்போதுதான் தான் சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது.

"எப்பண்ணே?"

"நீங்க கல்யாணம் முடிச்ச மறு வருசம். வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன்னு சொல்லிட்டு வந்தார்ல. இங்கதான் இருந்தாரு, நம்ம வீட்ல. கோயில் எண்ணெய் பாட்டிலும் மிட்டாயும் அங்க போன ஆள்கிட்டச் சொல்லி வாங்கிட்டு வந்தோம்."

மேரிக்கு அந்த நாளும் ஞாபகம் இருந்தது. நமக்கொரு பிள்ளை வேண்டும் என்று மாதாவிடம் கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பத்தாம் நாள் கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். அவள் வெந்நீரில் உப்புப் போட்டு அவர் பாதங்களை வைத்து ஊறவிட்டாள். அத்தனை தூரம் நடந்த பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மாதாவின் கிருபை என்று நினைத்து அந்தப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு எத்தனை டாக்டர், எத்தனை உபவாசம். "ஒங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் அவர் சண்டை போடுவார். ஆம்பளைத் திமிர் என்று நினைத்து அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

"சாப்பிட்டுப் போத்தா," என்றான் கிளெமென்ட். அவள் கையை மட்டும் அசைத்தாள். திரும்பும்போது பஸ் புறப்பட்டுவிட்டது. மேரி ஓடினாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பத்து நான்கு வயதில் நத்தம் கடைத்தெருவில் ஓடி பஸ்ஸைப் பிடித்தாள். கம்பியைப் பிடித்து நின்றபோது நெஞ்சு நூற்று முப்பதுக்கு அடித்தது. நாலு நிமிஷத்தில் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது. அதற்கு ஒரு குறையும் இல்லை. பொய் சொல்லாத ஒரே ஆள் அதுதான். அதன் பேச்சைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மரியசெல்வத்துக்கு அவள் பிரஷர் பார்ப்பது வழக்கம். வத்தலக்குண்டு ரூட்டில் இருபத்தெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, உப்பைக் குறைப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. அன்றைக்கும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கிளெமென்ட் போனில் சொல்லியிருப்பான் என்று முகம் சொன்னது.

"ஒன் உயிரைக் காப்பாத்தணும்னுதான் மேரி," என்று அவரே ஆரம்பித்தார். "மொதல்ல ஒருத்தியைப் பறிகொடுத்தவன் நான்."

அவள் பட்டையைச் சுற்றினாள்.

"டாக்டர் சொன்னதை அம்மா தப்பாக் கேட்டுச்சு. அது பாவம், அதுக்குத் தெரியாது," என்றாள். "நீங்க எதைத் தப்பாக் கேட்டீங்க? நான் ஒவ்வொரு மாசமும் அழுதது ஒங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"சொன்னாப் பயந்துருவியோன்னு..."

"பயந்திருப்பேன். பயந்துக்கிட்டே போய் இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்திருப்பேன். அம்புட்டுத்தான் வேண்டியிருந்துச்சு."

காதில் குழாயை மாட்டிக்கொண்டு பம்பை அமுக்கினாள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சத்தம் மிக உயரத்திலேயே தொடங்கிவிட்டது. தட்டிக்கொண்டே வந்து, வழக்கத்தைவிட வெகு மேலேயே நின்றது. இன்னொரு தடவை பார்த்தாள். அதேதான்.

"எம்புட்டு?" என்று கேட்டார்.

முள் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கேட்ட சத்தமும் அவளுக்கு மட்டும்தான். நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நம்புவார். அவள் நம்பிய மாதிரியே, வருஷக்கணக்கில். அந்த வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது.

"நூத்தி எழுபத்தெட்டுக்கு நூத்தி நாலு," என்றாள். "ரொம்பக் கூடுதல். வண்டி எடுக்காதீங்க. நாளைக்குக் காலைல டாக்டரைப் பாருங்க. ஒங்க ஒடம்பு, ஒங்களுக்குத் தெரியணும்."

அவர் தலை குனிந்திருந்தார். அவள் பட்டையை அவிழ்த்து, மிச்சக் காற்றை அமுக்கி வெளியேற்றி, சுருட்டிப் பையில் வைத்தாள். மாத்திரை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க. பிரஷர் பாக்க எங்கிட்ட இனி வர வேண்டாம்."

அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், சுருட்டிய சட்டைக் கையை இறக்காமலே மரியசெல்வம் உட்கார்ந்திருந்தார். அவள் அர்த்தம் சொல்லவில்லை.