மூன்று பேர் நிற்கும் படம்

உள்ளங்கை நீள ட்ரைபாட் அது. மூன்று கால்களும் குண்டு குண்டான மூட்டுகளால் ஆனவை. எப்படி வளைத்தாலும் வளையும், எதில் சுற்றினாலும் பிடித்துக்கொள்ளும். ஹம்பியில் பாறை இடுக்கில் செருகியிருக்கிறேன். கொல்லம் போகும் ரயிலில் மேல் படுக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, ஜன்னலோரம் நான் டீ குடிப்பதை நானே எடுத்திருக்கிறேன். போகிற இடத்தில் யாரிடமும் போனை நீட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தாங்க என்று பல்லிளிக்க வேண்டாம். கேட்டால் பாதிப் பேர் நம் காலை வெட்டிவிட்டு வானத்தை எடுத்துத் தருகிறார்கள்.

இத்தனை ஊர் சுற்றியவளின் வீட்டில், வீட்டு ஆட்கள் மட்டுமாக எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் என்றால் என்ன, நூம்பலில் எங்கள் வீட்டில் இருப்பதே நான், அம்மா, நைனா. ஒருவர் எடுக்க வேண்டுமே, அதனால்தான் எப்போதும் இருவர் என்று நினைத்திருந்தேன். பத்தாவது பாஸானபோது ஸ்டுடியோவுக்கே போனோம். அங்கேயும் நைனா, வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பூக்காரம்மாவை இழுத்துவந்து எங்களோடு நிறுத்தினார். எதற்கென்று அந்தப் பூக்காரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நைனா கூட்டம் பிடித்த மனுஷன், விடு என்று விட்டுவிட்டேன்.

புனேவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்குள் மூவரும் நிற்கும் படம் ஒன்று எடுத்தே தீர்வது, அங்கே அறைச் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரையும் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கிளப்பினேன். அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப்புடவையில் வந்தாள். கம்பெனி வேன் ஓட்டும் நைனாவுக்கு வாரம் ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு அவரை லுங்கியிலிருந்து பேன்ட்டுக்கு மாற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

நடைபாதைக் கம்பியில் ட்ரைபாடைச் சுற்றி, போனை மாட்டி, டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். போனின் டைமர் விளக்கு சிமிட்ட ஆரம்பித்ததும் நைனா, வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டேன் என்று நகர்ந்துவிட்டார். மறுபடி வைத்தேன். போன் வந்தது போல காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். திரை இருட்டாக இருந்ததை நான் பார்த்தேன். அடுத்த முறை காரணம்கூடச் சொல்லவில்லை, நடந்தே போய்விட்டார்.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஊரை விட்டுப் போகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கக்கூட மனசில்லையா என்று கத்தினேன். நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாதான் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள். மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாதாம். நடுவில் நிற்பவர் உயிருக்கு ஆகாதாம். நைனாவுக்கு அதில் பயமாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். இதற்காகவா அந்தப் பூக்காரம்மா? வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தேன். அப்படியானால் உலகத்தில் ஒற்றைப் பிள்ளை பெற்ற வீடெல்லாம் இந்நேரம் காலியாகியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். நைனா ஏரியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எடுத்தோம் பாப்பா," என்றார். "நானு, உங்கம்மா, நடுவுல உங்கண்ணன். திருவேற்காட்டுல மொட்ட போட்டுட்டு, வாசல்ல கீற கடைல எடுத்தோம். போட்டோவ வாங்கிகினு வர்றதுக்குள்ள ஜொரத்துல பூட்டான்."

அண்ணனா? யாருக்கு? நைனா என்னமோ உளறுகிறார் என்று அம்மா சொல்லிவிட மாட்டாளா என்று அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மூணு வயசு," என்றாள். "நீ பொறக்கறதுக்கு முன்ன."

அடுத்த தெரு சண்டையைக்கூட அன்றைக்கே வந்து ஒப்பிக்கும் அத்தைகள், சித்திகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் வாயிலிருந்தும் இது கசிந்ததில்லை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், நான் ஒரே பொண்ணு என்று இவர்கள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் இவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். அம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் ஒருநாளும் காதில் விழாத பெயர்.

போட்டோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ட்ரைபாடைக் கழற்றப் போனேன். கம்பியில் சுற்றியிருந்த அதன் முதல் காலைப் பிரித்தேன். நைனா வந்து என் கையைப் பிடித்தார்.

"வுடு. அவ்ளோ தூரம் போற புள்ள, வெறுங்கையா போவாத. நடுவுல நான் நிக்கிறேன். நீ ஓரமா நில்லு."

அவர் என்ன சொல்கிறார் என்பது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை, ஆனால் அவருக்கு இருக்கிறதே. வேண்டாம் நைனா என்றேன். எடு என்றார். டைமரை வைத்துவிட்டு, சொன்னபடி ஓரமாகப் போய் நின்றேன்.

அம்மா, விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சம்பாரிக்கிற ஆளு நீ. நவுரு."

புனே அறைச் சுவரில் அந்தப் படம்தான் இருக்கிறது. மூன்று பேரும் இருக்கிறோம். ஓரத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அம்மா முழங்கையால் நைனாவைத் தள்ளுகிறாள், நைனா அவள் தோளைப் பிடித்து வெளியே இழுக்கிறார். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும், நடுவில் நிற்பது யார் என்று சொல்ல முடியவில்லை.